நாற்பத்து மூன்று வீட்டுக்கு ஒரு நாற்காலி

தைலம்மாளைப் பற்றி எழுத நாலைந்து தடவை உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் பாதியில் எழுந்து போயிருக்கிறேன். காரணம் வெட்கம்தான். இந்தக் கதையில் ஒரு முட்டாள் உண்டு, அது நான். அதை ஒத்துக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆனது.

என் பெயர் இளவரசு. மங்கலம்பேட்டைப் பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். பொருளாதாரம் படித்துவிட்டு சிதம்பரத்தில் ஒரு சின்ன ஆய்வு மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊர் ஊராகப் போய் வீடு வீடாகக் கணக்கெடுத்து, எந்த ஊர் முன்னேறியிருக்கிறது, எது பின்தங்கிக் கிடக்கிறது என்று நூற்றுக்கு மதிப்பெண் போடுவதுதான் எங்கள் தொழில். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மார்க் போடுவார்களே, அதுபோல ஊர்களுக்கு. சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனால் மாவட்டத்து ஊர்களை எல்லாம் ஒரே தாளில் வரிசையாகப் பார்க்கிற அன்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். எத்தனை அடுப்பு, எத்தனை குழந்தை, எத்தனை கிணறு! இத்தனை பேரும் ஒரு தாளுக்குள் அடங்கி நிற்கிறார்களே என்று பிரமித்துப் போய்ப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கணக்கில் தப்பு என்றால் மட்டும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் தாளில் தப்பே வராது என்கிற தலைக்கனமும் இருந்தது.

2008 பொங்கல் முடிந்து கம்மாபுரம் பக்கம் மேட்டுக் காலனிக்குப் போனேன். நாற்பத்து மூன்று வீடுகள். இரண்டு வரிசையாக வீடுகள், நடுவில் தெரு, இரண்டு வரிசைக்கும் பின்னால் கருவேல முள்ளை ஒட்டி ஒரு கொல்லைப் பாதை. எட்டாம் வகுப்பு வரை ஊரிலேயே பள்ளிக்கூடம் உண்டு. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் கம்மாபுரத்துக்கு ஏழு கிலோமீட்டர் போக வேண்டும். பஸ் இரண்டே வேளைதான் வரும், அதுவும் பள்ளிக்கூட நேரத்துக்கு ஒத்து வராது. நடந்து போகலாமென்றால் ரோட்டில் லாரிகள் ஓயாது. பையன்கள் சைக்கிளில் தொற்றிக்கொண்டு போய்விடுவார்கள். எட்டாவது முடித்த பெண்பிள்ளை முந்திரிக்கொட்டை உடைக்க உட்காரும். அதுதான் அந்தத் தெருவில் பெண்களுக்கு ஒன்பதாம் வகுப்பு.

எங்கள் கணக்கெடுப்புக்குப் பின்னால் ஒரு காரியம் இருந்தது. முப்பது மதிப்பெண்ணுக்குக் கீழே இருக்கிற ஊர்களுக்கு, பெண்பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக்குக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட வேன் கொடுப்பதாக ஒரு அறக்கட்டளை சொல்லியிருந்தது. இதை ஊர்க்காரர்களிடம் முன்கூட்டியே மூச்சு விடக்கூடாது. சொன்னால் இருப்பதை இல்லை என்பார்களாம். மேலிடத்து உத்தரவு அது. அவர்கள் இல்லாததை இருக்கிறது என்று காட்டக்கூடும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதலில் போனது, பாதித் தெருவிலிருந்து என்னைக் கூப்பிட்ட தைலம்மாள் வீட்டுக்கு. நாற்பதை ஒட்டிய வயது, உயரம், குரல் கணீரென்று இருக்கும். முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்து வழவழப்பாகி இருந்தன. கட்டைவிரலை மையில் ஒற்றி எடுத்தால் தாளில் வெறும் கறுப்பு வட்டம்தான் விழும், ரேகை இருக்காது. அதனாலேயே கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். கணவர் பொன்னுரங்கம் செம்மங்குப்பத்தில் மூட்டை ஏற்றுகிற வேலை, வாரம் ஒருமுறை வருவார். ஒரே மகள் எழிலரசி, எட்டாம் வகுப்பு.

"வாங்க சார், உக்காருங்க" என்று சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார் தைலம்மாள். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். எதிரே நின்றிருந்த எழிலரசி என் தாளைத் தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"சார், பதினாலாவது கேள்விய வுட்டுட்டீங்க."

பார்த்தால், விட்டுத்தான் இருந்தேன். என் தாளில் தப்புக் கண்டுபிடித்த முதல் ஆள் அந்தப் பெண். எனக்குக் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது.

மூன்று நாள் அந்தத் தெருவில் வேலை. கட்டில், கடிகாரம், மின்விசிறி, சைக்கிள், நாற்காலி என்று பத்துப் பொருள்களின் பட்டியல் எங்கள் தாளில் உண்டு. இருந்தால் பொருளுக்கு நாலு மதிப்பெண்; எல்லா வீட்டுக்கும் சராசரி எடுத்தால் அதுதான் ஊரின் மதிப்பெண். ஒவ்வொரு வீட்டு வாசலிலும், "ஒரு நிமிசம் நில்லுங்க சார், வூட்டக் கூட்டிட்டு வந்துர்றேன்" என்று நிறுத்தினார்கள். உள்ளே சரசரவென்று துடைப்பச் சத்தம் கேட்கும். பிறகு கூப்பிடுவார்கள், நாற்காலி போட்டிருக்கும், உட்காருவேன், தண்ணீர் வரும், குடிப்பேன். எவ்வளவு சுத்தமான ஜனங்கள் என்று நெகிழ்ந்துபோய், 'சுகாதாரத்தில் அக்கறை உள்ளவர்கள்' என்று குறிப்பே எழுதினேன். ஒரே ஒரு தொந்தரவு. உட்காருகிற இடத்திலெல்லாம் இடது கைப்பிடியில் ஒரு பிசிறு என் முழங்கைச் சட்டையைப் பிடித்து இழுத்தது. மூன்றாம் நாள் சட்டையே கிழிந்துவிட்டது. இந்தக் கம்பெனிக்காரன் எல்லா நாற்காலியையும் இப்படித்தான் செய்வானா என்று திட்டிக்கொண்டே பஸ் ஏறினேன்.

மார்ச் மாதம் கூட்டிப் பார்த்ததில் மேட்டுக் காலனிக்கு முப்பத்திரண்டு வந்தது. அதனால் வேன் கிடையாது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, அந்தத் தலைகீழ்ப் படிப்புக்காரி கண்ணுக்குள் வந்து நின்றாள். ஆனாலும் கணக்கு கணக்குதானே என்று கட்டி வைத்துவிட்டேன்.

எங்கள் மையத்துக்குத் தலைவர் ஞானாம்பாள் மேடம். அதிகம் பேசமாட்டார். பேசினால் நமக்குத் தூக்கம் போய்விடும். கட்டைப் பிரித்துப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"இளவரசு, இந்தத் தெருவுல கட்டில் இருக்குற வீடு நாலு. கடிகாரம் பதினொண்ணு. நாற்காலி மட்டும் நாற்பத்து மூணா? படுக்கக் கட்டில் வாங்காதவங்க உக்கார நாற்காலி வாங்குவாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "நானே உக்காந்து பாத்து எழுதுனது மேடம். ஒரு வீடு பாக்கியில்ல."

"என்ன கலர்?"

"சிவப்பு."

"நாற்பத்து மூணும் சிவப்பா?"

என் கை தானாகப் போய் முழங்கையைத் தடவியது. அந்தப் பிசிறு, அதைச் சுற்றி யாரோ கட்டியிருந்த பச்சை நைலான் கயிறு, எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. மூன்று நாளும் நான் உட்கார்ந்தது ஒரே நாற்காலியில். உட்கார்ந்து உட்கார்ந்து எழுதினேனே தவிர, எதில் உட்கார்ந்தேன் என்று ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தேனா? மேடம் தாளை என் பக்கம் தள்ளினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாளே கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் போகும்போதே கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் வெயிலில் வந்து, சரிசமமாக உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்து எழுதினவனையே ஏமாற்றிவிட்டார்களே என்று. சரிசமமாக உட்கார்ந்தேனாம்! நான் நாற்காலியில், அவர்கள் நின்றுகொண்டு. அது அப்போது உறைக்கவில்லை.

தைலம்மாள் வாசலில் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே கேட்டேன்.

"இந்தத் தெருவுல மொத்தம் எத்தன சேர் இருக்கு?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். கொட்டையைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு சார். எந்துதான்."

"மூணு நாளும் அதையேவா?"

"நாந்தான் கொல்லப்பக்கமா தூக்கினு ஓடுவேன். நீங்க இந்த வூட்டுல எழுந்திரிக்கறதுக்குள்ள அடுத்த வூட்டுல போடணும்ல. அதான் ஒரு நிமிசம் நிக்கச் சொல்றது. எல்லாரும் சும்மாச்சும் தொடப்பத்த வெச்சிப் பரபரன்னு இழுப்பாங்க." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டாம் நாளு கால்ல முள்ளு ஏறிடிச்சி. நீங்க செல்லாயி வூட்டுல தண்ணி கேட்டீங்க பாருங்க, அந்த நேரத்துலதான் புடுங்கிப் போட்டேன்."

"எதுக்கு இதெல்லாம்? சேர் இல்லன்னா நான் எழுதமாட்டேனா?"

"எழுதமாட்டாங்க சார்" என்றார் நிதானமாக. "எனக்குத் தெரியும்."

அப்புறம் சொன்னார். 2005 கார்த்திகையில் பேய்மழை பெய்தது. காலனியில் பாதி வீடுகளுக்குச் சுவர் விழுந்துவிட்டது. நிவாரணத்துக்குப் பெயர் எழுத ஒருவர் வந்தார். தெரு முழுக்க முழங்கால் சேறு, உட்கார ஒரு இடம் இல்லை. தெருமுனையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே எழுதினார். கால் வலித்ததோ என்னவோ, ஒன்பது வீடு எழுதியதும் மூடி வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார். ஒன்பதுக்கு அப்புறம் இருந்த வீடுகள் எந்தத் தாளிலும் ஏறவில்லை. தைலம்மாள் வீடு பத்தாவது.

"அன்னிக்கிப் புரிஞ்சிது சார். உக்காந்தவங்கதான் எழுதுவாங்க. நின்னவங்க போயிடுவாங்க. அடுத்த வருசம் நூறுநாளு வேல வந்துது. மொத வாரக் கூலிய வாங்கி நேரா விருத்தாசலம் போயி இந்தச் சேர வாங்கியாந்தேன். போலியோ சொட்டு போட வர்றவங்க, ஓட்டு லிஸ்ட்டுக்காரங்க, நர்சம்மா, நீங்க... யாரு வந்தாலும் எந்த வூட்டுக்கு வர்றாங்களோ அந்த வூட்டுக்கு அது போயிடும். அதுலேர்ந்து எங்க தெருவ ஒருத்தரும் பாதியில வுட்டுட்டுப் போனதில்ல."

என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் படித்த படிப்பெல்லாம் ஒரு ஊரை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதைப் பற்றித்தான். கணக்கில் ஏறுவதற்கு ஒரு ஊர் என்ன பாடுபட வேண்டும் என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த இந்த அம்மாள் ஒரு மழையில் நனைந்து அதைக் கண்டுபிடித்து, மருந்தும் வாங்கி வைத்திருக்கிறார். எங்களைப் போன்றவர்களை அவர் அளந்து வைத்திருந்த அளவுக்கு நாங்கள் யாரையும் அளந்ததில்லை.

இனிமேல் மறைத்துப் பயனில்லை என்று வேன் விஷயத்தைச் சொன்னேன். முப்பதுக்குக் கீழே இருக்க வேண்டும், நாற்காலிக்கு நாலு மதிப்பெண், அதனால் முப்பத்திரண்டு. கேட்கக் கேட்க அவர் முகம் சுண்டிப்போயிற்று. உள்ளே எழிலரசி ஏதோ சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் முழுப்பரீட்சை, அதோடு அவள் படிப்பு முடிந்தது.

"அப்ப எம் பொண்ணு படிப்ப நானே தல மேல தூக்கினு போயி கொல்லையில போட்டுட்டனா சார்?"

"மாத்தலாம்மா" என்றேன் அவசரமாக. "ஆனா தெருவுல எல்லார் முன்னாடியும் படிச்சிக் காட்டி, வீட்டுக்கு ஒருத்தர் 'எங்க வீட்டுல இல்ல'ன்னு கையெழுத்துப் போடணும். அதான் விதி."

அவர் கொட்டையை எடுத்து மறுபடி உடைக்க ஆரம்பித்தார். சேர் இல்லை என்பதைத் தெருவில் நின்று சொல்ல வேண்டும். இரண்டு வருடமாக வெளியாள் ஒருவருக்கும் தெரியாமல் காப்பாற்றி வந்த மானம் அது. பிறகு, "ஞாயித்துக்கெழம வாங்க" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு காலை தெரு கூடியிருந்தது. நடுவில் அந்தச் சிவப்பு நாற்காலி. உட்காரச் சொன்னார்கள், மாட்டேன் என்று நின்றேன். தாளைப் படித்து முடித்ததும் பக்கிரி என்பவர் எழுந்தார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர்.

"நாலு பேரு எதிர்ல எங்கூட்டுல உக்கார ஒரு சேரு இல்லன்னு நான் ஏன் கையெழுத்துப் போடணும்? நாள பின்ன சம்மந்தம் பேச வர்றவன் காதுல வுழாதா? எங்கூட்டுல இருக்குதுன்னே இருக்கட்டும்."

அங்கங்கே தலைகள் ஆடின. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு வீடு பின்வாங்கினால் தெருவே பின்வாங்கும், அப்புறம் முப்பதுக்குக் கீழே இறங்காது.

தைலம்மாள் முன்னால் வந்தார். "மொதல்ல நான் போடறேன் மாமா" என்று பக்கிரியிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "எழுதுங்க சார், எங்கூட்டுல சேரு இல்ல."

"அம்மா, உங்க வீட்டுல இருக்கே. இது நீங்க வாங்குனதுதானே? இருக்கறத இல்லன்னு நான் எழுதமாட்டேன்." என் புத்தி அங்கேயும் போகவில்லை.

"வாங்குனது நாந்தான். நான் இதுல உக்காந்தத யாராச்சும் பாத்துருக்கீங்களா?" என்று தெருவைப் பார்த்துக் கேட்டார். "எங்க வூட்டுக்காரரு? வேற யாருனா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழிலரசிதான், "நான் ஒருக்கா உக்காந்தேன். வர்றவங்களுக்கு அழுக்காயிடும்னு அம்மா அடிச்சிச்சு" என்றாள். தெருவே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. கணக்கெடுப்பவர்களுக்கான கையேட்டில் ஒரு வரி உண்டு: 'வீட்டார் தங்கள் உபயோகத்துக்கு வைத்திருக்கும் பொருளை மட்டுமே கணக்கில் கொள்ளவும்.' அந்த வரியை எழுதியவன் நான். என் விதிப்படியே பார்த்தாலும் அந்தத் தெருவில் நாற்காலி கிடையாது. அடி வாங்கிய எழிலரசியைத் தவிர நாற்பத்து மூன்று வீட்டில் ஒரு ஆள் அதில் உட்கார்ந்ததில்லை. எங்களுக்காக வாங்கி, எங்களுக்காகத் தூக்கிச் சுமந்து, எங்களுக்காக அழுக்குப் படாமல் துடைத்து வைத்த பொருளை அவர்கள் சொத்து என்று நான் எழுதியிருக்கிறேன். கண்ணில் நீர் முட்டியது. மறைக்கக்கூடத் தோன்றவில்லை.

'இல்லை' என்று எழுதினேன். தைலம்மாள் குனிந்து, நாற்காலிமேல் தாளை வைத்து, எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் போட்டார். பக்கிரி கொஞ்ச நேரம் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "பேனாவக் குடும்மா" என்றார். அவருக்குப் பின்னால் தெரு முழுவதும் வரிசையில் வந்தது.

காலனியின் மதிப்பெண் இருபத்தெட்டு ஆனது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற அன்று வேன் வந்தது. ஒன்பது பெண்கள் ஏறினார்கள். அந்தத் தெருவில் அதற்கு முன் ஒன்பதாம் வகுப்புக்குப் போன பெண்கள் எத்தனை பேர் என்று பழைய தாளில் பார்த்தேன். ஒருத்திகூட இல்லை. பூஜ்யம் ஒன்பது ஆவதை அதற்கு முன் எத்தனையோ தாள்களில் எழுதியிருக்கிறேன். அப்படி ஆகும்போது என்ன நடக்கிறது என்று அன்றுதான் நேரில் பார்த்தேன். வேன் திரும்பி மறைகிறவரை தைலம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், நானும் நின்றேன்.

2012 ஜூனில் ஒரு பகல் வேளை தைலம்மாள் மகளோடு சிதம்பரத்தில் எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றார். எழிலரசி பன்னிரண்டாவது தேறி, கல்லூரியில் கணக்குப் பாடத்துக்கு இடம் கிடைத்து, பணம் கட்டிவிட்டு வருகிறார்கள். வளர்ந்துவிட்டிருந்தாள். உள்ளே வந்ததும் வராததுமாக என் மேஜையில் இருந்த தாளைத் தலைகீழாகப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். அந்த வருடம் நாங்கள் அதே ஊர்களை மறுபடி கணக்கெடுத்துக்கொண்டிருந்தோம். அவள் பார்த்தது அவள் தெருவின் தாளையேதான்.

"இருபத்தொம்போது வந்துருக்கும்மா" என்றாள்.

அதற்குள் ஞானாம்பாள் மேடம் தன் அறையிலிருந்து வந்தார். யார் என்று நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள், "தைலம்மாளா?" என்று கேட்டார். உள்ளே போய்த் தன் நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு வந்து போட்டார். பதினைந்து வருடத்தில் அவர் யாருக்கும் நாற்காலி போட்டு நான் பார்த்ததில்லை.

"உக்காருங்கம்மா."

"பரவால்லமா, நான் நிக்கறேன்."

"நீங்க உக்காராம நான் உக்கார மாட்டேன்" என்றார் மேடம். அவரும் நின்றார், நானும் எழுந்து நின்றேன்.

தைலம்மாள் கைப்பிடியைக் கறுத்த விரல்களால் ஒருமுறை தடவிப் பார்த்தார், பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு முன்விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து முதுகைச் சாய்த்துக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் நின்றபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எழிலரசிக்குத்தான் முதலில் கண் கலங்கியது.

தைலம்மாள் என்னைப் பார்த்தார். "ஒரு சேருக்கு எவ்ளோ மார்க்குன்னு சொன்னீங்க சார்?"

"நாலு."

"இருவத்தொம்போதுல நாலு சேந்தா முப்பத்தி மூணு." சட்டென்று கணக்குப் போட்டுவிட்டு, நாற்காலியிலிருந்து எழாமலே கையை ஆட்டினார். "நான் உக்காந்தத எழுதிப்புடாதீங்க சார். இன்னும் பதினோரு புள்ளைங்க வேன்ல போவுது."

எழுதவில்லை. இப்போது அந்த ஊரிலேயே பத்தாம் வகுப்பு வரை வந்துவிட்டது, வேனுக்கு வேலை இல்லை. அதனால்தான் அதை எழுதுகிறேன்.